எட்டு நாள் ரிசர்வில் ஓடிய வண்டி

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

நல்லா இருக்கீகளா என்று கேட்டே பழகிய வாய், இப்போதும் அதைத்தான் கேட்க வருகிறது. வருகிற வாரம் உங்களுக்கு வருஷ திதி. அக்கா முந்தாநாள் போன் போட்டாள். "நோட்டீசு அடிக்கணும்டா செல்வம். உங்க மச்சானப் பத்தி நாலு வரி எழுதிக் குடு. ஒனக்குத்தான் அதெல்லாம் வரும்" என்றாள்.

உரக்கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அன்பானவர், பண்பானவர் என்று எல்லா நோட்டீசிலும் வருகிற இரண்டு வரி வந்துவிட்டது. மூன்றாவதாக "எதிலும் கவனம் உள்ளவர்" என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. அது சத்தியமான வார்த்தை. ஆனால் இன்றைக்கு உங்கள் ஊர் அனுமந்தன்பட்டியில் அதை நம்புகிற ஆள் நான் ஒருத்தன்தான். அதற்குக் காரணமும் நான்தான்.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். கெட்டதைத் தள்ளிப்போடுகிற என் புத்தி உங்களுக்குத் தெரிந்ததுதானே. திராட்சைத் தோட்டத்தை அக்கா விடவில்லை. ஆள் வைத்துக் கவாத்து பண்ணி, தானே நின்று மருந்தடிக்கிறாள். காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. உங்கள் மகள் காவியா உத்தமபாளையத்தில் காலேஜ் இரண்டாவது வருஷம். உங்கள் வண்டியில்தான் போய்வருகிறாள். பொம்பளப் பிள்ளை கியர் வண்டி ஓட்டுவதைப் பற்றித் தெருவில் ரெண்டு பேர் பேசினார்கள். அக்கா அவர்களிடம் பேசிய பேச்சுக்கு, இப்போது அந்த ரெண்டு பேரும் காவியா வருகிறாள் என்றால் ஒதுங்கி நின்று வழி விடுகிறார்கள்.

வண்டி என்றதும் உங்களுக்கு அந்தப் பெட்ரோல் முள்தான் ஞாபகம் வரும். டேங்க் நிறைய ஊற்றினாலும் பாதி காட்டும், சொட்டு இல்லாவிட்டாலும் பாதி காட்டும். "இது நம்ம பெரிய மாமா மாதிரிடா மாப்ள. எப்பக் கேட்டாலும் அரை வயித்துக்குத்தான் சாப்ட்டேன்னு சொல்லும்" என்பீர்கள். உள்ளே மிதவை சிக்கியிருக்கிறது, மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் எத்தனையோ தடவை சொன்னார். நீங்கள் கேட்கவில்லை. "வண்டியே வாயத் தொறந்து சொல்லுது. முள்ளு எதுக்கு?" என்றீர்கள்.

வண்டி ஓட்டாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். டேங்குக்கு அடியில் இடது பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும். அது மெயினில் இருக்கும்போது பெட்ரோல் குறைந்தால் வண்டி இருமும், திக்கும். உடனே திருகை ரிசர்வுக்குத் திருப்ப வேண்டும். அடியில் மிச்சமிருக்கிற ஒரு லிட்டர் பங்க் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். பெட்ரோல் போட்டதும் மறக்காமல் மறுபடி மெயினுக்குத் திருப்பிவிட வேண்டும். திருப்பாமல் விட்டால் அடுத்த தடவை இருமல் வராது, எச்சரிக்கை கிடையாது. கடைசிச் சொட்டு வரை நல்ல பிள்ளையாக ஓடிவிட்டு நடுரோட்டில் நிற்கும். முள் வேலை செய்கிற வண்டியில் இது பெரிய விஷயமில்லை. உங்கள் வண்டியில் அந்த இருமல் ஒன்றுதான் கதி.

நீங்கள் பதினாலு வருஷம் அந்த வண்டியை ஓட்டினீர்கள். ஒரு தடவையாவது தள்ளிக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வண்டி சர்வீசில் கிடந்தது. மார்க்கையன்கோட்டையில் சேக்காளி மகளுக்குக் காதுகுத்து. உங்கள் வண்டியை வாங்கிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது சின்னமனூர் தாண்டுவதற்குள் வண்டி இருமியது. ரிசர்வுக்குத் திருப்பினேன். பங்கில் மூன்று லிட்டர் போட்டேன். பின்னால் ஒரு லோடு வண்டிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். திருகின் மேல் கை போனது மச்சான். வீட்டுக்குப் போய்த் திருப்பிக்கொள்ளலாம் என்று கையை எடுத்துவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் கொஞ்சம் லேசாக இருக்கும். ஆனால் நான் மறக்கவில்லை, சோம்பல்பட்டேன். அதற்குப் பிறகுதான் மறந்தேன்.

சாவியை உங்கள் கையில் கொடுத்து, "பெட்ரோல் போட்டுட்டேன் மச்சான்" என்று பெருமையாகச் சொன்னேன். "நீ எதுக்குடா போட்ட? இருந்து சாப்பிட்டுப் போ" என்றீர்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில் கோழிக்குழம்பு. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு என் ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன். அந்தத் திருகு எட்டு நாளும் ரிசர்விலேயே கிடந்தது.

எட்டாம் நாள் மத்தியானம், உத்தமபாளையத்திலிருந்து நீங்கள் வீட்டுக்கு வருகிற வழியில் தென்னந்தோப்புப் பக்கம் வண்டி நின்றுபோனது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம் ஆன உடம்பு. பாரம் தூக்கக் கூடாது, மூச்சு வாங்குகிற வேலை கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு மணி வெயிலில் நீங்கள் வண்டியைத் தள்ள ஆரம்பித்தீர்கள்.

அங்கிருந்து அக்காவுக்கு ஒரு போன் போட்டீர்கள். அதை அக்கா இந்த ஒரு வருஷத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று எனக்கே தெரியாது. அட்சரம் பிசகாமல் சொல்வாள். "பெட்ரோலு தீந்துபோச்சு புள்ள, நான்தான் கவனிக்காம விட்டுட்டேன், தள்ளிக்கிட்டே வந்துர்றேன், சோத்த எடுத்து வையின்னாக. செல்வத்த பாட்டில்ல வாங்கிட்டு வரச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம், பாவம், அவன் கடையில தனியாக் கெடப்பான்னு சொன்னாக."

அரைக் கிலோமீட்டர்கூடத் தள்ளவில்லை. புளியமரத்து நிழலில் வண்டியை நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்தான். டிராக்டரில் வந்த ஒரு புண்ணியவான் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் வண்டியை எடுத்துவர என்னைத்தான் அனுப்பினார்கள். குனிந்து பார்த்தேன். திருகு ரிசர்வில் இருந்தது. கூட வந்தவர், "பாவம், ரிசர்வுல போட்டும் பாத்துருக்காக. சுத்தமாத் தீந்துருக்கு" என்றார். யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். வண்டி நின்றால் எவனும் முதலில் ரிசர்வுக்குத்தான் திருப்புவான். அது எட்டு நாளாக அப்படியே கிடந்தது என்று தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று அப்போது நினைத்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது. நீங்களும் குனிந்திருப்பீர்கள். கை வைத்திருப்பீர்கள். அது ஏற்கெனவே திரும்பிக் கிடந்திருக்கும்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் மச்சான்? "ஏலே செல்வம், கெடுத்துட்டியேடா" என்று திட்டினீர்களா? இல்லை, சிரித்துக்கொண்டு தள்ள ஆரம்பித்தீர்களா? அக்காவிடம் "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்று சொன்னது, உங்கள் தவறு என்று நினைத்தா, அக்கா வாயில் நான் விழக்கூடாது என்றா? பெட்ரோல் வாங்கிவர என்னைக் கூப்பிட வேண்டாம் என்றது என் மேல் இருந்த அக்கறையா, கோபமா? ஒரு வருஷமாக இதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். யாரிடம் போய் நான் கேட்பது?

நீங்கள் அன்றைக்கு வண்டி தள்ளாமல் இருந்தாலும் என்றைக்காவது இது நடந்திருக்கும் என்றார் டாக்டர். தள்ளாமல் இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம்கூட இருந்திருக்கலாம் என்றும் அதே டாக்டர்தான் சொன்னார். இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறேன். இரண்டுமே நிற்பதில்லை.

அக்கா தினமும் விளக்கேற்றும்போது உங்கள் படத்தோடு சண்டை போடுகிறாள். "ஊருக்கெல்லாம் புத்தி சொன்னீகளே, ஒரு பெட்ரோலப் பாத்துப் போடத் தெரியலயே ஒங்களுக்கு. எங்கள இப்படி விட்டுட்டுப் போயிட்டீகளே." நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்டுவிட்டு, அந்த முள்ளைத் திட்டுவேன். வேலை செய்யாத முள்ளை வைத்து வண்டி விற்கிறான்கள் என்று ஊர் முழுக்கச் சத்தம் போட்டது நான்தான். டீக்கடையில் என் கோபத்தைப் பார்த்து, "மச்சான் மேல எம்புட்டுப் பாசம் பாரு இவனுக்கு" என்றார்கள். எனக்கு அந்த டீயை அங்கேயே கொட்டிவிட்டு ஓட வேண்டும்போல இருந்தது.

சொல்லாமலே இருந்துவிட நினைக்கவில்லை. முப்பதாம் நாள் கும்பிட்டு முடிந்த மறுநாளே போனேன். அக்கா அடுப்படியில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ஒன்னு சொல்லணும்."

"சொல்லுடா."

"அது வந்து... மச்சான் வண்டி இருக்குல்ல..."

"இருக்கட்டும்டா, விக்க வேணாம்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ மட்டும் இல்லாட்டி நானும் இந்தப் புள்ளயும் என்னடா பண்ணிருப்போம்? கூடப் பெறந்ததுக்கு நீ ஒருத்தன் இருக்கியே, அது போதும் எனக்கு."

மழை வருகிற மாதிரி இருக்கு, தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

அன்றிலிருந்து உங்கள் வீட்டு வேலையை எல்லாம் இழுத்துப்போட்டுச் செய்கிறேன். தோட்டத்துக்கு மருந்து, காவியாவுக்குக் காலேஜ் பீஸ், மோட்டார் ரிப்பேர், ரேஷன். மச்சினன் என்றால் இப்படி இருக்கணும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் கூசிப்போகிறேன். இருந்தும் மறுநாள் காலையில் அங்கன போய் நிற்கிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை மச்சான்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை காவியா கெடுத்துவிட்டாள். காலேஜுக்குப் போகிற வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது என்று அக்கா அதற்குப் புது மிதவை போட்டு, மீட்டரையும் மாற்றிவிட்டாள். முள் இப்போது சரியாகக் காட்டுகிறது. காவியா வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பாத்துப் போத்தா, பெட்ரோல் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு மாமா. முள்ளு கால்வாசிக்கு வந்தாலே போட்டுருவேன். நான் ஒன்னும் அப்பா மாதிரி இல்ல."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டாள். மகள் வாயில் உங்களுக்கு இந்தப் பெயர் வந்துவிட்டது. நாளைக்கு அவளுக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கும் சொல்வாள், உங்க தாத்தா பெட்ரோல் பார்க்காமல் போய்ச் செத்தார் என்று. என் கையால் நடந்த காரியத்துக்கு மூன்று தலைமுறைக்கு நீங்கள் பேச்சு வாங்க வேண்டுமா?

அக்கா கேட்ட நாலு வரி என்னால் எழுத முடியவில்லை. இவ்வளவுதான் வந்தது. நேரில் சொல்ல என்னால் ஆகாது என்பது ஒரு வருஷத்தில் நன்றாகவே தெரிந்துவிட்டது. நாளைக் காலையில் இந்தத் தாள்களைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பேன். படித்து முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருப்பேன். மழை, தோட்டம் என்று சாக்குச் சொல்லி எழுந்து ஓட மாட்டேன். படித்துவிட்டு அவள் கிழித்து அடுப்பில் போட்டால் நோட்டீசுக்கு வேறு யாராவது அன்பானவர், பண்பானவர் என்று எழுதிக்கொடுப்பார்கள். இனிமேல் இந்த வாசப்படி மிதிக்காதே என்றாலும் மிதிக்க மாட்டேன். இதையே அடித்து ஊருக்குக் கொடுடா என்று அவள் வாயால் சொன்னால் மட்டும் இது அச்சுக்குப் போகும்.

எது நடந்தாலும் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளையிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா உங்களைத் திட்ட மாட்டாள். திட்டுவதற்கு ஆள் வேண்டுமென்றால் உயிரோடு நான் இருக்கிறேன்.

அக்கா விட்டால் இனிமேலும்,
உங்கள் மச்சினன்,
செல்வம்