முகம் இல்லாத போலீஸ்காரர்

1952 ஆகஸ்டு, புதன்கிழமை

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவி முடித்ததும் தினம் ஒரு படம் கரியால் வரைகிறேன். இன்றுதான் முதல் முறையாக ஒன்றைத் தோட்டக் கடைச் சுவரில் ஒட்டக் கடைக்காரர் செல்லையா அண்ணனிடம் கொடுத்தேன். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டுபோகிறோமா என்று போலீஸ்காரர் காலையில் எங்கள் தூக்குச்சட்டிகளைத் திறந்து பார்க்கும் காட்சி. பயத்தில் அவருக்கு மட்டும் முகம் வரையவில்லை.

மத்தியானம் அவரே கடைக்கு வந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். என் பக்கம் திரும்பி மலாயில், "பெசோக் சியாப்லா," என்றார்.

நாளை தயாராக இரு என்கிறார்! பிடித்துக்கொண்டு போகத்தான் என்று வீட்டுக்கு ஓடி வந்து மாற்றுச் சேலையை மூட்டை கட்டினேன். சுவரில் ஒட்டும் திமிர் உனக்கு எதற்கடி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் செல்லையா அண்ணன் வந்து சிரித்தார். "ஐயோ தங்கச்சி, சியாப்னா முடிக்கறதும்தான்லா. நாளைக்கு மூஞ்சிய போட்டு முடின்னு சொல்லிட்டுப் போறாரு. நீ ஓடினப்புறம் எங்கிட்ட சொன்னாரு, மீசைய மறந்துடக் கூடாதாம்."

மூட்டையைப் பிரித்துவிட்டேன். கரி இருக்கிறது. ஆனால் அந்த மனிதருக்கு மூக்கு எப்படி இருக்கும்? இத்தனை நாளும் அவர் பூட்ஸைத்தான் பார்த்திருக்கிறேன். நாளை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.