அம்மாவின் கையளவு

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவைத் திறக்கிறேன். இங்கே உடம்பளவில் இருவருக்கும் ஒன்றும் இல்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு ஒன்றரை மாதம் ஆகிறது, விடியற்காலையில் கொஞ்சம் இருமல் மட்டும் வரும். என் முழங்கால் வழக்கம்போல் படி ஏறும்போது தன் இருப்பைக் காட்டிக்கொள்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. சிவப்புக் கோழி அடையில் உட்கார்ந்திருக்கிறது, கிட்டே போனால் கொத்த வருகிறது. சமையலறை ஓட்டில் ஒழுகிய இடத்தை நானே ஏறி அடைத்தேன், இப்போது அதற்குப் பக்கத்தில் ஒழுகுகிறது. அடைத்தீர்களா இல்லை ஓட்டைக்கு இடம் மாற்றிக் கொடுத்தீர்களா என்று அம்மா கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. ஒழுகுகிற இடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் என்னைக் கிண்டல் செய்தே ஒன்றரை மாதம் ஆகிறது. வீடு அப்படித்தான் இருக்கிறது.

போனில் தோட்டத்தைப் பற்றி நீ கேட்டபோது பூச்சி விழுந்துவிட்டது என்று அவள் சொன்னாள் அல்லவா, பூச்சியால் ஒன்றும் போகவில்லை. உனக்குத் தெரிந்த அந்த ஐந்து பாத்தியும் இப்போது வெறும் மண். அவளுக்குக் காய்ச்சல் அடித்த வாரம் தக்காளி பூவெடுத்திருந்தது, அவரைக் கொடி பந்தலின் மேல்கம்பியைத் தொட்டிருந்தது. இலைக்கடியில் பூச்சி ஏறத் தொடங்குகிறது என்று படுத்தபடியே கவலைப்பட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லியும் எழுந்து உட்கார்ந்து பூண்டும் மிளகாயும் அரைத்துக் கரைசல் கலக்கினாள், எல்லாம் கையளவுதான், அவள் எதை எப்போது அளந்திருக்கிறாள். "இதை மட்டும் அடிச்சிடுங்க, மத்ததை நான் எழுந்து பாத்துக்கறேன்" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்தாள். அடித்தேன். மூன்றாம் நாள் தக்காளி இலைகள் முறுக்கிக்கொண்டன, அவரை நுனிகள் வளைந்து தொங்கின, இரண்டு வாரத்தில் வேலியோரப் பூசணிவரை எல்லாம் போய்விட்டது.

காய்ச்சல் விட்டு அவள் முதல்முதலாக வெளியே போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாத்தியிலும் கொஞ்ச நேரம் நின்றாள், ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள். உள்ளே வந்து கை கழுவிக்கொண்டே, "மிளகாயை அளவில்லாம அள்ளிப் போட்டிருக்கேன், எல்லாத்தையும் நானே எரிச்சுட்டேன்" என்றாள். அன்றிலிருந்து தன் கையையே அவள் நம்புவதில்லை. கடைக்குப் போய் வளையத்தில் கோத்த அளவுக் கரண்டிகள் வாங்கி வந்தாள். நம் கல்யாணம் காட்சிகளில் நூறு பேருக்கு அசராமல் உலை வைத்தவள், இரண்டு பேருக்கு அரிசி போட டம்ளரைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள். தையல்காரர் வீட்டம்மா வழக்கம்போல் நாற்று கேட்டு வந்தபோது, "என் கையால இனிமே வாங்காதீங்க" என்று அனுப்பிவிட்டாள். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார், நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இனியும் சுற்றி வளைப்பதில் பயனில்லை அம்மாடி. அவள் கலக்கிய கரைசலில் ஒரு குற்றமும் இல்லை. நம் வீட்டில் மருந்து அடிக்கிற டேங்க் இரண்டு உண்டு, நீல மூடி போட்டது தோட்டத்துக்கு, சிவப்பு மூடி போட்டது வாசல் பாதையில் களைக்கொல்லி அடிப்பதற்கு. மாறிப் போகக் கூடாது என்று அதன் முதுகில் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டு வைத்ததே நான்தான். அன்றைக்கு நீல மூடி டேங்கின் குழாயில் அடைப்பு. ஊசியால் குத்தி எடுக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அடுப்பில் கஞ்சி கொதிக்கிறது என்று ஒரு சாக்கு, உள்ளதைச் சொன்னால் சோம்பல். சிவப்பு டேங்கில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, அதிலேயே கரைசலை ஊற்றி அடித்துவிட்டேன். முப்பது வருஷம் பணிமனையில் பஸ் எஞ்சின் பிரித்தவன், எண்ணெய் டப்பாவைச் சரியாகக் கழுவவில்லை என்று எத்தனை பேரை வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன். இலை முறுக்கிய அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் தேறட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தேறினாள். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு அவள் நின்றபோது சொல்ல வாயெடுத்தவன், கை துடைக்கத் துண்டை எடுத்து நீட்டினேன். மறுநாள் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது, அப்புறம் ஒவ்வொரு நாளும் அப்படியே ஆகிவிட்டது.

இதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. இந்த இடத்தை விற்றுவிட்டு டவுனில் சின்னதாக ஒரு வீடு பார்க்கலாம் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். நீயும் அதையேதான் சொன்னாய், உன்னைக் குறை சொல்லவில்லை, தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பயம் இருக்கும். அம்மாதான் அசைந்து கொடுக்கவில்லை. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைப் பார்த்தபடியே, "பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரரை வரச் சொல்லுங்க, வித்துடலாம். நான் இனிமே இந்த மண்ணுக்கு லாயக்கில்ல" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. எழுதவே கை கூசுகிறது. நான் கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது என் தப்பினால் கிடைத்துவிட்டது, நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். வரும் வெள்ளிக்கிழமை அவர் பத்திரம் எழுதுகிறவரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். இடம் அம்மா பேரில் இருக்கிறது, அவள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததைப் பயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். இந்த ஒரு வாரம் சொல்லாமல் இருந்ததற்கு அந்தப் பேர் பொருந்தாது.

இது உன் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை தாண்டிப் போயிருக்கும், இதைப் போனில் சொன்னால் என்ன என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருப்பாள். நான் எழுதுகிற எந்தக் கடிதமும் அவள் படித்து, அடியில் நாலு வரி எழுதாமல் உறைக்குள் போனதில்லை என்பதும் உனக்குத் தெரியும். இதையும் மடிக்காமல் சமையலறை மேசையில் வைத்துவிட்டு மோட்டார் போடப் போகிறேன். கட்டினவளிடம் நேரில் சொல்லத் துணிவில்லாத மனுஷனாகிவிட்டேன், அதையும் அவள் படிக்கட்டும்.

வயிறாரச் சாப்பிட்டு, ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்காமல், மூன்று பேரும் நெடுநாள் நன்றாக இருங்கள். பிள்ளையின் இருமலுக்கு டாக்டர் கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே. படுக்கும் முன் கேஸ் மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்.

உன் நலமே நினைக்கும்
அப்பா

மகளே, அம்மா எழுதுகிறேன். அப்பா எனக்கு நிறைய இடம் விட்டிருக்கிறார், அவ்வளவு வேண்டாம். இரண்டு தடவை படித்தேன். பண்ணைக்காரர் வீட்டுக்கு நானே நடந்து போய், வெள்ளிக்கிழமை வர வேண்டாம், விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். செடி போனது போகட்டும், விதை இருக்கிறது. மோட்டாரை நிறுத்தி ரொம்ப நேரம் ஆகிறது, அவர் இன்னும் உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அப்பா எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார், ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். இந்த ஒன்றரை மாதமும், ஒரு வேளை தவறாமல், குழம்பை இறக்கும் முன் கரண்டியில் எடுத்துக்கொண்டு போய் உப்பு சரியா என்று அவர் முன்னால் நின்றிருக்கிறேன். அவரும் ஒவ்வொரு வேளையும் வாயில் விட்டுப் பார்த்து, "இன்னைக்குச் சரியா இருக்கு" என்றார்.

அம்மா