காகிதப் பை அம்மா

அன்புத் தங்கச்சிக்கு,

உன் அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். சுகம் என்று ஆரம்பிப்பதுதான் முறை, நானும் அப்படியே ஆரம்பிக்கிறேன். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அந்த வெளிநாட்டு முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி உட்காரவைக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு. ரொட்டிக்கடையில் தினமும் மாவு மூட்டை தூக்குகிறவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

பாப்பா நல்லா இருக்கான்னு நீங்க எழுதுறதாலதான் இன்னும் ஒரு வருஷத்துக்கு வேலை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுடலாமான்னு பாக்கிறேன் அண்ணே என்று எழுதியிருந்தாய். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் உன் மகளின் கைவேலை. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, சாயத்தில் தொட்டு, காகிதத்தில் ஒற்றினால் பூ விழும் என்று சொல்லிக்கொடுத்தேன். நாலு வயசுப் பிள்ளை, ஒரு பூந்தோட்டமே போட்டுவிட்டாள். பாதி காகிதத்தில், பாதி சுவரில். சமைக்க வாங்கின காயை மாமனும் மருமகளும் சேர்ந்து சுவத்துக்கு ஊட்டிட்டீங்களா என்று உன் அண்ணி கத்தினாள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் அந்தச் சுவரைப் பார்த்து, எந்த ஊர் ஓவியரை வரவழைத்தீர்கள் என்று கேட்டார். கேட்டார் என்றால், கேட்கிற மாதிரிப் பார்த்தார்.

இலையைக் காகிதத்துக்கு அடியில் வைத்து, மேலே மெழுகுப் பென்சிலைத் தேய்த்து, நரம்பு நரம்பாக எழுப்பவும் பழக்கினேன். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது காகிதப் பை பொம்மை. கடையிலிருந்து ஒரு ரொட்டிப் பை கொண்டுவந்தேன். அதன் அடிமடிப்புக்குள் விரலை விட்டு ஆட்டினால் வாய் மாதிரித் திறந்து மூடும். கறுப்பு நூலில் பின்னல், உன் பழைய சட்டைப் பொத்தானில் கண், உன் பச்சைப் புடவைக் கிழிசலில் உடுப்பு. எல்லாவற்றையும் நான் காய்ச்சிக் கொடுத்த மைதாப் பசையால் அவளே ஒட்டினாள். பார்த்தால் அசல் நீதான். நீ போனதிலிருந்து அவள் சோற்றுத் தட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். சின்ன விஷயம்தானே என்று உனக்கு எழுதவில்லை. அன்று பைக்குள் கையை விட்டு, சாப்பிடுடா கண்ணு, அம்மா வந்துட்டேன்ல என்று உன் குரலில் பேசினேன். தட்டு காலி! உன் அண்ணி மட்டும், சளி பிடிச்ச சேவல் மாதிரி இருக்கு என்றாள். அவளுக்குக் கலை தெரியாது.

பிறகு தினமும் மூன்று வேளை நீ இங்கே பேசினாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியபோது, பாப்பா விளையாடுகிறாள் என்று சொன்னேன் அல்லவா? விளையாடத்தான் செய்தாள். உனக்குக் கேட்காமல் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம் நீட்டினேன். அம்மா அலமாரியில தூங்குது, சத்தம் போடாதீங்க மாமா என்றாள். போன்ல பேசுறது யாரு தெரியுதா என்றேன். யாரோ ஆன்ட்டி என்றாள். நான் சிரித்துவிட்டேன். உன் அண்ணி சிரிக்கவில்லை.

முந்தாநாள், அம்மாவுக்குப் பசிக்குது என்று பையின் வாயில் பாலை ஊற்றியிருக்கிறாள். பை ஊறி, வாய் அப்படியே கையோடு வந்துவிட்டது. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அழுகிற பிள்ளையைச் சிரிக்கவைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் அழவில்லை. கிழிந்த வாயை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

கடையிலிருந்து ஒரு கட்டுப் பை எடுத்துவந்தேன். அதே பின்னல், அதே பொத்தான், அதே பச்சை. ஒன்றைவிட ஒன்று அசத்தலாகச் செய்தேன். என் ஆயுசில் இவ்வளவு நன்றாக ஒரு வேலை செய்ததில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். இது அம்மா இல்ல மாமா, பை என்றாள். நான் உன் குரலில் பேசினேன். அது நீங்க என்றாள்.

அப்போதிலிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. உன் அண்ணி மடியில் போட்டு ஊட்டிப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. டாக்டரிடம் காட்டினோம். உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மா எங்கே என்று கேட்டார். இதோ வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். போனில் என்றால் உன்னிடமும் இப்படி எதையாவது சொல்லிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்கவேண்டும் என்று சின்ன வயசிலிருந்து உனக்குத் தெரியும். பாப்பா நன்றாக இருக்கிறாள் என்று எழுதியதை மட்டும் ஏன் அப்படியே எடுத்துக்கொண்டாய்? தகப்பனும் இல்லாத பிள்ளையம்மா.

கையெழுத்துப் போடாதே. போட்டிருந்தால் அவர்கள் காலில் விழுந்தாவது திரும்ப வாங்கு. நீ வந்து நிற்கும்போதும் அவள் உடனே ஓடிவர மாட்டாள். உன் கண்ணைத் தொட்டுப் பார்ப்பாள், பின்னலை இழுத்துப் பார்ப்பாள். பொறுத்துக்கொள்.

டாக்டரிடம் நான் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதே, என் தங்கமே. நல்லபடியாக வந்து சேர்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அண்ணன்