வெறுங்காலில் அளந்த பனிச்சறுக்குக் கோல்கள்

இன்று காலை உன் கணவர் முவைலா பகுதியில் நீங்கள் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, உன் பனிச்சறுக்குக் கோல்கள் இரண்டையும் என் கதவோரம் சாத்திவிட்டுப் போனார். கைப்பிடியில் புது ரப்பர் வாசனை இன்னும் இருக்கிறது. அவ்வளவு சமீபத்தில் நீ இருந்தாய்.

ஊரிலிருந்து யார் வந்தாலும் துபாயில் அந்த மாலுக்கு அழைத்துப்போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளே பனியில் சறுக்குகிறவர்களைக் காட்டுவாய். வேலையை முடித்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கே திரும்ப டிக்கெட் எடுத்த அன்று ஸ்டாஃப் ரூமில் சொன்னாய்: "போறதுக்கு முன்னால ஒரு தடவ அந்தப் பக்கம் நிக்கணும். நீயும் வாட்டி."

இந்த வயதில் முட்டியை உடைத்துக்கொள்ள நல்ல வழி என்றேன்.

"உடைஞ்சா ஊருல பாத்துக்கிடுதேன். நீ கெமிஸ்ட்ரி நடத்து."

வாடகைக் கோல் உனக்கு ஆகாது. "எவன் எவன் வேர்வையோ." கடைக்குப் போனோம். கோலைத் தலைகீழாகத் திருப்பி, நுனியிலுள்ள வளையத்தை ஒட்டிப் பிடித்தால் முழங்கை செங்கோணமாக மடிய வேண்டும், அதுதான் சரியான உயரம் என்று விற்பனைப்பெண் சொல்லிவிட்டுப் போனாள். அளக்கும் இடத்தில் நல்ல கம்பளம் விரித்திருந்தது. யோசிக்காமல் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினோம்.

"தொண்ணூறு இருக்கா?"

பக்கவாட்டில் நின்று பார்த்து, இருக்கிறது என்றேன்.

பனியில் கனத்த பூட்ஸை மாட்டியதும் நீ உயர்ந்துவிட்டாய்; கோல் குட்டையாகிவிட்டது. குனிந்து ஊன்றினாய். "வெறுங்காலில் அளந்தீர்களா, தீதி?" என்று பயிற்சியாளர் இந்தியில் கேட்டார். பிறகு, முதல்நாள் ஆட்களுக்குக் கோலே கிடையாது என்று வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, வெறுங்கைகளை விரித்தபடி இறங்கினாய். கொஞ்ச தூரம்தான். வலையில் முட்டி மல்லாந்து விழுந்தாய். அசையவில்லை. நான் பதறிப்போய்க் கையைக் கொடுத்தபோது கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: "தூக்காத. குளிரு நல்லாருக்கு. நானே எந்திரிப்பேன்."

எழுந்தாய்.

அடுத்த வாரம் உன் கணவர் போன் செய்தார். தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது என்றார். யாருக்கு என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னார். மறுபடியும் யாருக்கு என்றேன். எதையும் இரண்டுமுறை விசாரிக்கிற புத்தி எனக்கு என்று நீ சிரிப்பாயே, அந்தப் புத்தி இல்லை இது.

ஊருக்கு அனுப்புமுன், உடலைப் பதப்படுத்திய இடத்தில் கடைசியாகப் பார்க்க விட்டார்கள். பள்ளிக்கூடத்து ஆட்கள் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை.

"பெட்டி அடைக்கணும் மேடம்" என்றார் உதவிக்கு வந்த மலையாளி.

ஒரு நிமிஷம் என்றேன். எதற்கு என்று கேட்டார். ஃபார்மலின் உடலை என்ன செய்யும் என்று வகுப்பில் நடத்துகிறவள் நான். அது தெரிந்தும், நீயே எழுந்துவிடுவாய் என்று அங்கே நின்றேன்.

பெட்டியை மூடினார்கள். விமானம் போனது. அந்த மலையாளியிடம் கேட்டு வாங்கிய அந்த ஒரு நிமிஷம் எனக்கு இன்னும் முடியவில்லை.