மெஷின் போட்ட வரிசை

சாம்பியன் ரீப்ஸ்
12-8-1971

அன்புள்ள ரத்தினம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உன் முட்டிவலியும் கண்மணியின் இருமலும் தேவலையா?

நாம் சேர்ந்து இருக்கக் கேட்ட கம்பெனி வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். சீனியருக்குத்தான் முதல் வீடு. ஆபீஸில் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. ஆளுக்கொரு அட்டை, கட்டாக வைத்தால் அதுவே வரிசையாக அடுக்கிவிடுகிறது. என் அட்டைதான் முதலில் வந்தது. பேசாமல் வந்திருக்கலாம்.

“நான் சீனியர்னு இதுக்கு எப்பிடிப்பா தெரியும்?” என்று மெஷின் ஓட்டும் தம்மபாலனைக் கேட்டேன்.

“இதுக்கு இன்னா தெரியும்ண்ணே? எதைப் பாக்கணும்னு நாமதான் சொல்லணும். டோக்கன் நம்பரைப் பாக்க வெச்சேன். சின்ன நம்பர்னா பழைய ஆளு.”

“என்னுது ரிட்டயரான சிவலிங்கத்தோட நம்பராச்சே. அவர் போனப்புறம் எனக்குக் குடுத்தாங்க.”

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு, வேலைக்குச் சேர்ந்த வருஷத்தைப் பார்க்க வைத்து மறுபடி ஓட்டினான். அதே மெஷின், அதே அட்டைகள். நான் கடைசிக்குப் போய்விட்டேன். அது ஓடும் அழகை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாயைப் பற்றி நீ சொல்வதெல்லாம் சரிதான்.

நீயே வரப்போகிறாய், ஊறுகாய் வேண்டாம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அனுப்பு. பெரிய ஜாடியாகவே அனுப்பு.

சுரங்கத்தில் ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது.

சம்பங்கி