அக்கா மாற்றிச் சொன்ன வரி

பிரியமுள்ள கலா அக்கா,

நீ குரல் கொடுத்த என் கார்ட்டூன் படம் முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு டிவியில் போட்டேன். நீ போய் ஒன்றரை வருடம் கழித்து.

அந்த மதியம் நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் சாப்பாட்டு நேரத்தில் நின்றதும், ஜன்னலில் போர்வையைக் கட்டி, கம்ப்யூட்டர் மைக்கின் முன்னால் உன்னை உட்கார வைத்தேன். கதையைச் சொன்னேன். ஒரு நகரம், அங்கே ஆணும் பெண்ணுமாக ஜோடி சேராதவர்களைக் காவலர்கள் தேடிப் பிடித்து, பென்சில் கோட்டை அழிப்பதுபோல அழித்துவிடுவார்கள். தப்பி ஓடும் இரண்டு இளைஞர்கள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். திறக்கும் பெண் நீ.

"ரெண்டு பேரையும் ஆம்பளையாவே வரைஞ்சிக்கினு இருக்கியே, ஏன்டா?" என்றாய். கதைக்காகத்தான் என்றேன். என் சிநேகிதன் என்று மட்டுமே நீ அறிந்திருந்த பிரபுவைப் பற்றி அன்றே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

நான் எழுதிக் கொடுத்தது, "இங்க நிக்காதீங்க, ஓடிடுங்க" என்ற ஒரே வரி. நீ தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறொன்றைச் சொன்னாய்.

"உள்ள வாங்கப்பா. யார் வந்து கேட்டாலும் நான் பேசிக்கிறேன்."

தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. நீ குழந்தைக்குச் சோறு ஊட்டப் போய்விட்டாய். தெரிந்துதான் சொன்னாயா? கேட்க நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

என் கதையில் அவர்கள் இருவரும் அழிந்துபோவதாக இருந்தது. உன் வரிக்குப் பிறகு அப்படி முடிக்க முடியவில்லை. அந்த வீட்டிலேயே பிழைத்து, மறுநாள் மாடியில் துணி உலர்த்துவதாக வரைந்தேன். படத்தில் உன் உதடு குரலோடு சேர்ந்து அசைய வேண்டுமே, அதற்காக அந்த வரியை எத்தனை நூறு முறை ஓட்டிக் கேட்டேனோ. 'வாங்கப்பா'வுக்கு முன்னால் நீ மூச்சு இழுப்பது கேட்கும். சில நாள் கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் கேட்டது. திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சமையலறையில் இருந்தாள். உன் குரல் கேட்டதும் ஈரக் கையோடு ஓடிவந்தவள், வாசலைத்தான் முதலில் பார்த்தாள். பிறகுதான் டிவியை.

இன்னொரு தடவை போடச் சொன்னாள். நான்கு முறை போட்டேன். அப்புறம் அந்த இருவரையும் பார்த்து, "இதுல நீ யாரு?" என்றாள். காட்டினேன். மற்றவன் பிரபு என்றும் சொல்லிவிட்டேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கலாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அது பொய்யா, அக்கா?

அம்மா இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் தினமும் படத்தைப் போடச் சொல்கிறாள்.

உன் மகளுக்கு ஐந்து வயதாகிறது. டிவியில் பேசுவது யார் என்று கேட்டாள். உன் அம்மா என்றேன். அந்த இரண்டு பேரும் யார் என்று ஒருநாள் கேட்பாள். அவளிடம் மறைக்க மாட்டேன். பிரபுவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சொல்வேன்.

உன் தம்பி,
ரவி