ஆளில்லாத வரவு

கிரான்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் உதயரூபனுக்கு,

அம்மன் காவலில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், பிரான்சில் நீயும் அப்படியே இருக்க அவளைத்தான் மன்றாடுகிறோம். அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான். மட்டக்களப்பு ஆசுப்பத்திரிக்கு வா என்றால் அறுவடை முடியட்டும் என்கிறாள், வயல் வெட்டுவது மெஷின், உனக்கங்கே என்ன வேலை என்று ஏசிப்போட்டேன்.

போன மாதம் தனுஷா என்றொரு பிள்ளை நாடகக்காரரோடு வந்தது. சண்டைக்குப் பிள்ளை பிடித்த காலத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பிய பிள்ளைகளைப் பற்றிக் கூத்துப் போடுறம், உங்கட மகன்ட பேரையும் பாடலாமா அப்பா என்று கேட்டது. எனக்குச் சுள்ளென்று வந்தது, என்ட புள்ள என்ன செத்தா போனான் என்று கத்திவிட்டேன். அம்மாதான், பாடட்டும், ஊருக்குள்ள அவன்ட பேர ஆரு இப்ப சொல்லுற என்றாள். சரி, பாடுங்க என்று விட்டேன்.

நானும் இளவயதில் கூத்தில் அருச்சுனனுக்கு ஆடியவன், எனக்கு முறை தெரியாதா. வரவுப் பாட்டுப் பாடினால் ஆடுகிறவன் ஆட்டக் களரிக்குள் இறங்குவான், வீட்டார் போய்ப் புது உடுப்புக் கொடுக்க வேண்டும். உன் வேஷத்துக்கு ஒருவன் வருவான்தானே என்று ஏறாவூர் ஸஹீதாவிடம் சட்டை தைக்கப் போனேன். புள்ளைக்கி எத்தின வயசு அண்ணே என்று கேட்டாள், வாயில் நீ போன வயது, பதினாலு என்றுதான் வந்தது.

கூத்தன்று முதல் பெயரே உன்னுடையது. நல்லரத்தினம் பெற்ற உதயரூபன் வாறான் என்று பாடியதும் சட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன் மகன். களரியில் ஒருவருமில்லை. அனுப்பிய பிள்ளைகளின் இடத்தை வெறுமையாக விடுவதுதான் அந்தக் கூத்தாம், எனக்கு ஆர் சொன்னது? ஆள் இறங்கும்வரை மத்தளம் நிற்கக் கூடாது, கூத்துப் பழக்கிய அண்ணாவியார் அடித்துக்கொண்டேயிருக்கிறார், நான் சட்டையும் கையுமாகச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். சனமெல்லாம் அழுதது. அம்மா காலை இழுத்து இழுத்து வந்து கையைப் பிடித்து, வாங்க, அவன் வரமாட்டான் என்றாள். நீ போன நாளிலிருந்து அவள் அந்தச் சொல்லைச் சொன்னதேயில்லை.

எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகக் கூடாது என்று உன் அகதிப் பாஸ்போட்டில் போட்டிருப்பதாகச் சொன்னாயே, உன்மேல் எனக்கு ஒரு கோபமுமில்லை. உயிரோடிருக்கட்டும் என்றுதானே அனுப்பினோம், உயிரோடிருக்கிறாய். சட்டை அலுமாரிக்குள் கிடக்கிறது. வேறொன்று பெரிதாகத் தைக்கலாமென்றால் உன் அளவு எங்களுக்குத் தெரியாது. போனிலும் முகம்தான், நீ அனுப்புகிற படத்திலும் முகம்தான்.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, நேரத்துக்குச் சாப்பிடு. நோய் நொடியில்லாமல் நீ நீடூழி வாழ அம்மன் துணையிருப்பாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அடுத்தமுறை பேசும்போது போனை ஆரிடமாவது கொடுத்துவிட்டு, தள்ளிப்போய் ஒருக்கா எழும்பி நில். நீ எவ்வளவு வளர்ந்திருக்கிறாய் என்று அம்மா பார்க்க வேண்டுமாம். எனக்கும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா
க. நல்லரத்தினம்